ஆறாம் சேனலில் இரண்டு வீடு

ஜூலை 14, ஞாயிறு

என் வீட்டுக்காரருடைய மில் ஆபீசில் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஆறரை மாதம் பீரோவுக்குள் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்து எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம் கோபம். யாரிடமாவது கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும். அவரிடம் கொட்டினால் "சரி விடு, அமுதா" என்பார். டைரி அப்படிச் சொல்லாது.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். எழுத்துத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. கல்யாணத்துக்குப் பிறகு, இருபத்திரண்டு வருஷம் கழித்து எழுதிய முதல் பரீட்சை! வெள்ளிக்கிழமை மாதிரி வகுப்பு நடத்திக் காட்டச் சொன்னார்கள். நாற்பது நிமிஷத்தில் நான்கு தடவை நெட் போய்விட்டது. முதல் தடவை போனபோது நான் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தேன். யாருமே இல்லாத திரைக்கு ஐந்து நிமிஷம் பின்னம் நடத்தியிருக்கிறேன். நன்றாகவே நடத்தினேன், அது வேறு விஷயம்.

தேர்வு செய்யும் ஸ்டெல்லா மேடம் நல்ல மாதிரி. "ஆகஸ்ட் ரெண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு இன்னொரு வாய்ப்பு தர்றோம். அதுதான் கடைசி. ரெண்டு தடவைக்கு மேல கட் ஆனா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

நெட் ஏன் போகிறது என்று எனக்குத் தெரியும். மாடியில் என் கொழுந்தன் குமரகுருவும் அவர் மனைவி தேன்மொழியும் இருக்கிறார்கள். அவள் எனக்கு ஓரகத்தி. மொட்டை மாடி அறையில் விளக்கெல்லாம் கட்டி, தினம் நாலு மணிக்கு போனில் லைவ் போட்டுச் சேலை விற்கிறாள். நாலு மணிக்கு அவள் ஆரம்பித்தால் எனக்குக் கட். ஜனவரியிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் சின்னது. நான் மறந்தே போய்விட்டேன்.

ஜூலை 15, திங்கள்

மறந்துபோன காரணத்தை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிற்பாடு யாரும் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது.

ஜனவரியில் அவள் மகளுக்குக் காதணி விழா. பத்திரிகையில் இவர் பெயர் 'ஞானசேகரன் பி.காம்.' கொழுந்தன் பெயர் 'குமரகுரு டி.எம்.இ.' பழனியிலிருந்து வந்த ஒன்றுவிட்ட மாமாவுக்குக்கூட ஏதோ ஐ.டி.ஐ. போட்டிருந்தது. என் பெயர் மட்டும் 'திருமதி அமுதவல்லி ஞானசேகரன்.' முடிந்தது. பி.எஸ்சி. கணிதம், பி.எட். இரண்டையும் காணோம். அச்சகத்துக்குப் போய்வந்தது தேன்மொழிதான்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அந்தப் பத்திரிகையை இன்னும் சமையலறை இழுப்பறையில் வைத்திருப்பது, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, எதையாவது குறித்துக்கொள்ளலாம் என்றுதான்.

ஜூலை 16, செவ்வாய்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தோணிசாமி கம்ப்யூட்டர் கடை. "நல்ல ரவுட்டரா ஒண்ணு காட்டுங்க" என்றேன். அவர் மூன்று பெட்டியை எடுத்து வைத்து நாலு, அஞ்சு, ஆறு என்றார். "ஏழும் வந்துருச்சும்மா, ஆனா அது உங்க வீட்டுக்கு வேணாம்" என்றார். என் வீட்டைப் பார்க்காமலே எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிரித்தார்.

கணக்கு டீச்சர் என்பதால் குறிப்பெடுத்துக்கொண்டேன். வைஃபை நான்கு பழசு. இரண்டு வழியில் ஓடும்: 2.4 என்று ஒரு வழி, 5 என்று ஒரு வழி. 2.4 மெதுவாக நடந்தாலும் சுவரைத் தாண்டி வரும். ஆனால் கூட்டம் அதிகம். 5 வேகமாக ஓடும். சுவரைக் கண்டால் துவண்டுவிடும். வைஃபை ஐந்து அந்த 5 வழியில் மட்டும்தான் ஓடும். வைஃபை ஆறு இரண்டு வழியிலும் ஓடும், வீட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் எல்லோருக்கும் பங்கு வைத்துக் கொடுக்கும். ஐந்து என்பது தலைமுறை எண்ணா, வழி எண்ணா என்று எனக்கே இரண்டு தடவை குழம்பியது. பெயர் வைத்தவனைப் பிடித்து பெஞ்சு மேல் நிற்க வைக்க வேண்டும். அதற்கு முன்னால் எழுத்துகளில் பெயர் வைத்திருந்தார்களாம். முதலில் பி, அப்புறம் ஜி, அப்புறம் என், அதற்கப்புறம் திரும்பவும் ஏயிலிருந்து ஏசி, ஏஎக்ஸ். அகர வரிசை தெரியாதவர்கள் கையில் உலகத்தையே கொடுத்திருக்கிறோம்.

ஆறாவது தலைமுறையை வாங்கினேன். நான்கு கொம்பு.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. தேங்காய் சுட்டேன். கூடத்தில் ரவுட்டரை மாட்டினோம். பின்கட்டு அறையில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தால் நாலு மணிக்குப் பழையபடியே தள்ளாட்டம்.

அந்தோணிசாமிக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, "லேப்டாப் எந்த வருஷம்மா?" என்றார். பையன் காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது, அவன் வேலைக்கே போயாச்சு. அது நாலாவது தலைமுறையாம், அதிலும் 2.4 மட்டும்தான் தெரியுமாம். ரவுட்டர் ஆறில் பேசினாலும் இது தனக்குத் தெரிந்ததில்தானே பேசும் என்கிறார். இதை நேற்றே சொல்வதற்கென்ன? "நீங்க கேட்கலையே" என்கிறார். மனுஷனை என்ன செய்ய.

ஜூலை 19, வெள்ளி

கட்டைவிரல் அளவில் ஒன்று கொடுத்தார் அந்தோணிசாமி. லேப்டாப்பில் சொருகினால் அதற்கு 5 வழியும் தெரிந்துவிடுமாம். சொருகினேன். கூடத்தில் பறக்கிறது! பின்கட்டு அறைக்குப் போனால் செத்துவிடுகிறது. இடையில் இரண்டு சுவர், ஒவ்வொன்றும் முக்கால் முழம்.

"அப்ப கூடத்துல உக்காந்து கிளாஸ் எடு" என்றார் இவர். சொல்லி வாய் மூடவில்லை, எதிர்ச் சந்து மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்தது. ஆடி முடியும்வரை தினமும் இதுதான். அம்மனைக் குறை சொல்லவில்லை, ஒலிபெருக்கியைச் சொல்கிறேன். பின்கட்டு அறையில் மட்டும்தான் என் குரல் எனக்கே கேட்கிறது.

"வயர் இழுத்துடலாமே?" என்றார் அடுத்து. இந்த லேப்டாப்பில் வயர் சொருகும் ஓட்டையே இல்லை. அதற்கு ஒரு இணைப்பான் உண்டு, கடையில் ஆகஸ்ட் பத்துக்கு மேல்தான் வரும். சரி, ரவுட்டரையே பின்கட்டுக்கு மாற்றலாம் என்றால், லைன்காரர் வந்து வயரை நீட்ட வேண்டும். இவரோ, "ஆடியில எதையும் இடம் மாத்தக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ" என்கிறார். ரவுட்டர் என்ன குடித்தனமா? ஆனாலும் நான்தான் சொன்னேன், அதனால் லைன்காரரைக் கூப்பிடவில்லை.

ஆக, பின்கட்டு அறை, 2.4 வழி. வேறு போக்கில்லை.

தேன்மொழியின் லைவ் சும்மா கண்ணில் பட்டது. இன்றைக்குச் சின்னாளபட்டி சுங்குடி. மாம்பழ மஞ்சள் சேலையை 'மஸ்டர்டு' என்று தப்பாகச் சொன்னாள். நாற்பத்து மூன்று நிமிஷம் ஓடியது. இரண்டு தடவை உறைந்து நின்றுவிட்டாள், பாவம். பாவம் என்று எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை, பேனா மையில் எழுதியது.

ஜூலை 21, ஞாயிறு

போனில் ஒரு ஆப் இறக்கினேன். நம்மைச் சுற்றி யார் யாருடைய வைஃபை எந்தச் சேனலில் இருக்கிறது என்று மலை மலையாக வரைந்து காட்டுகிறது. 2.4 வழியில் பதினொன்றுக்கு மேல் சேனல் இருந்தாலும் ஒன்றோடொன்று முட்டாமல் நிற்பது ஒன்று, ஆறு, பதினொன்று மட்டும்தானாம். எங்கள் மலை ஆறில் நிற்கிறது. அதே ஆறில், எங்கள் மலைக்கு மேலேயே, மாடி வீட்டு மலை. இருவரும் ஒரே இடத்தில் நின்று கத்தினால் யாருக்கு என்ன கேட்கும்? ஒன்றும் பதினொன்றும் காலியாகக் கிடக்கின்றன.

அதாவது அவளால் எனக்குக் கட் ஆன மாதிரியே என்னால் அவளுக்கும் கட் ஆகியிருக்கிறது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 22, திங்கள்

இவர், "நான் குமரகுருகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன், அவங்க வேற சேனலுக்குப் போயிருவாங்க" என்றார். அண்ணன் தம்பிக்குள் ஒரு சண்டையும் இல்லை, தினமும் சேர்ந்துதான் டீ குடிக்கிறார்கள். நான் விடவில்லை. "நீங்க போய்ச் சொன்னா நான் கேட்டு விட்டதா ஆயிரும். எனக்கு என்ன தலையெழுத்தா?"

பத்து மணிக்குக் கொல்லையில் துணி காயப்போட்டேன். மேலே கைப்பிடிச் சுவரில் தேன்மொழி சேலை உதறிக்கொண்டிருந்தாள். நான் கொடிக்கயிற்றில் உட்கார்ந்திருந்த காக்காவைப் பார்த்து, "ஏ காக்கா, எல்லாரும் ஆறாம் நம்பர் சேனல்லயே உக்காந்திருந்தா எப்படி? பதினொண்ணு சும்மாதானே கெடக்கு? ரெண்டாந்தேதி நாலு மணிக்கு இங்க ஒருத்திக்குப் பொழப்பு இருக்கு" என்றேன்.

மேலிருந்து அவள் சேலையிடம், "நாலு கொம்பு வச்ச ரவுட்டர் வாங்கினா மட்டும் போதுமா? யாரு யாரைப் போயி கொறை சொல்றது?" என்றாள்.

கொம்பு நான்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எட்டிப் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் யோசித்தேன். அவள் நகர மாட்டாள். பிடிவாதக்காரி. நானே பதினொன்றுக்குப் போய்விடுவோம் என்று ரவுட்டரின் உள்பக்கம் நுழைந்து மாற்றினேன். பெருந்தன்மை என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், படிக்கிறவர்கள் சொல்லட்டும்.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் ஆப்பைத் திறந்தேன். மாடி மலையும் பதினொன்றில் நிற்கிறது! நான் சொன்னதைக் கேட்டு அவளும் நகர்ந்திருக்கிறாள்.

சரி, ஆறு காலியாகத்தானே இருக்கிறது. திரும்ப ஆறுக்கு வந்தேன்.

ஜூலை 24, புதன்

அவளும் ஆறுக்கு வந்துவிட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

ஒன்றுக்கு மாறினேன். சாயங்காலம் பார்த்தால் அவளும் ஒன்றில். வாசலில் எதிரும் புதிருமாக வந்த இரண்டு பேர் ஒரே பக்கம் விலகி விலகி முட்டிக்கொள்வதைப் போல் ஆகிவிட்டது. ரோசமா, மரியாதையா, எனக்கே புரியவில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளி. கூழ் ஊற்றினோம். ஒரு தூக்குவாளி மாடிக்கும் போனது. நான் அனுப்பவில்லை, இவர் எடுத்துக்கொண்டு போனார். மாங்காய்த் துண்டு அவளுக்குப் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கலாம்.

ஜூலை 30, செவ்வாய்

ஒத்திகைக்கு இவரைச் சிங்கப்பூர்ப் பிள்ளையாக வைத்துக்கொண்டு, போனோடு கூடத்தில் உட்கார வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் மூன்று தடவை கட். இவர் கடைசியில், "அமுதா, பதினெட்டுப் படிதான். ஏறிப் போய் ஒரு வார்த்தை பேசேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பிள்ளை என்றும் பார்க்காமல் இரண்டு கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

கோபமில்லை, பயம். இதையாவது ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்தேழு வயதாகிறது. இதுவும் போனால் இன்னொரு தடவை பரீட்சை எழுத எனக்குத் தெம்பிருக்குமா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

சுண்ணாம்புக்கட்டி, டஸ்டர், பலகை தயார். நீலச் சேலை தேய்த்தாயிற்று. தொண்டைக்குப் பனங்கற்கண்டு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

மூன்றரைக்கு ஆப்பைத் திறந்தேன். இரண்டு மலையும் ஒன்றில். பதினொன்றுக்கு மாறினேன். இரண்டு நிமிஷத்தில் மாடி மலையும் பதினொன்றில். ஆறுக்கு ஓடினேன். அதுவும் ஆறுக்கு வந்தது. மணி மூன்று நாற்பத்து மூன்று. எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ தெரியவில்லை, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு படியேறினேன். முதல் மாடி தாண்டி, மொட்டை மாடி அறை. ஏழு மாசத்தில் முதல் தடவை.

தேன்மொழி பட்டுச் சேலையில், முகத்துக்கு நேரே வட்ட விளக்கோடு நின்றுகொண்டிருந்தாள். மேசையில் ஆடித் தள்ளுபடிச் சேலைகள் அடுக்கியிருந்தன. ஆனால் அவள் கையில் இருந்த போனில் சேலை இல்லை, என் ஆப்பில் இருக்கும் அதே மலைகள்!

"தேனு! ஒரே இடத்துல நில்லேன்டி!" என்று கத்திவிட்டேன்.

"நீங்க நில்லுங்கக்கா!" அவளும் கத்தினாள். "நீங்க போற எடத்த விட்டு வெலகலாம்னுதானே பத்து நாளா ஓடிக்கிட்டு இருக்கேன்! நான் வெலகுனா நீங்களும் வெலகி வந்து முன்னாடி நிக்கிறீங்க!"

"நானும் உனக்கு வழிவிடலாம்னுதான்டி..."

"எனக்கு யாரு வழி கேட்டா? நீங்க காக்காகிட்ட ரெண்டாந்தேதி நாலு மணின்னு சொன்னீங்களா இல்லையா? நான் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்."

சொன்னவள் அடுத்த நொடி சுவரோரம் போய் ரவுட்டர் பிளக்கையே பிடுங்கிவிட்டாள்.

"ஏய், உன் ஆடி சேல்? ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்களே!"

"சேலை எங்கயும் ஓடாதுக்கா. ஆறரைக்குப் போட்டுக்கிறேன். மணி மூணு அம்பது ஆச்சு, எறங்குங்க மொதல்ல. பாத்து, ஓடாதீங்க!"

ஓடித்தான் இறங்கினேன். மூச்சு வாங்க வாங்க நாலு மணிக்குத் திரையில் நின்றேன். நான்கு பிள்ளைகள், ஸ்டெல்லா மேடம். நாற்பது நிமிஷம். ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லை. ஒரு தடவைகூட! பின்னத்தை மாங்காய் வைத்து வெட்டிக் காட்டினேன். ஒரு பெண் பிள்ளை, "ஓ, அதனாலதான் கீழ இருக்குற நம்பர் பெருசாக ஆக துண்டு சின்னதாகுதா!" என்று தானாகச் சொன்னாள். அந்த நிமிஷம் எனக்கு இருபத்தைந்து வயது.

முடித்து அறைக் கதவைத் திறந்தால் வெளியே தரையில் தேன்மொழி உட்கார்ந்திருந்தாள். பட்டுச் சேலையோடு. இவர் உள்ளே வந்து தொந்தரவு செய்துவிடாதபடி காவல் இருந்தாளாம்.

"கேட்டுக்கிட்டே இருந்தேன்கா. எனக்கே பின்னம் புரிஞ்சிருச்சு" என்றாள். அப்புறம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "பத்திரிகை விஷயத்துல தப்பு என்மேலதான். அச்சடிக்கக் குடுக்குறப்ப பாத்தேன். எல்லார் பேருக்குப் பின்னாடியும் ஏதாவது இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு, உங்களுக்கு ரெண்டு. எம் பேருக்குப் பின்னாடி ஒண்ணுமில்ல. நான் பன்னெண்டாவதுல கணக்குல பெயிலு. எம்மக விசேஷத்துல நான் மட்டும் மொட்டையா நிக்கணுமேன்னு இருந்துச்சு. அதான் உங்களையும் எங்கூட நிறுத்திக்கிட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சுக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு மாசமாக அவள் என்னைக் கீழே தள்ளினாள் என்று நினைத்திருந்தேன். அவள் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். நான் ஒரு பைத்தியக்காரி, அதை ஒரு தடவைகூட நேராகக் கேட்கவில்லை. "என்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன, கழுதை" என்றேன்.

"நீங்க மட்டும் என்னவாம்? தெனமும் என் லைவ்ல வந்து முழுசும் பாத்துட்டுப் போறீங்க. யார் பாக்குறாங்கன்னு மேல பேர் காட்டும்கா."

எனக்கு இது தெரியாது. இந்த மாதிரி விஷயத்தை முதலிலேயே சொல்ல மாட்டார்களா!

ஆகஸ்ட் 3, சனி

இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்தோம். நாங்கள் ஒன்று, அவர்கள் பதினொன்று. இரண்டு மலையும் தனித்தனியாக நிற்கின்றன. என் வகுப்பும் அவள் லைவும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தோம், இரண்டும் அசையவில்லை. இதைச் செய்ய ஆறு நிமிஷம் ஆனது.

ஆகஸ்ட் 7, புதன்

வேலை கிடைத்துவிட்டது! மின்னஞ்சலை இவர் மூன்று தடவை சத்தமாகப் படித்தார். 'பாட விளக்கம் மிகச் சிறப்பு. இணைய இணைப்பு சீராக இருந்தது. வகுப்பின்போது கொட்டாவி விடும் மாணவரை எழுந்து நிற்கச் சொல்வதைத் தவிர்க்கவும்.' அந்தக் கடைசி வரியை மட்டும் நான்காவது தடவையும் படித்தார்.

தேனு பால்கோவா வாங்கி வந்தாள். குமரகுரு, "அண்ணி, இனிமே காக்காவுக்கு லீவா?" என்றார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

முதல் வகுப்பு. ஏழு பிள்ளைகள். நாலு மணிக்கு வணக்கம் சொல்லி, தசமத்தை ஆரம்பித்தேன். நாலு பத்து இருக்கும், மேலேயிருந்து குமரகுருவின் குரல்.

"என்னாச்சு? டிவி ஓடல, போன் ஓடல. நெட்ட யாரு புடுங்குனது?"

தேனுவின் குரல் தெரு முனைவரை கேட்டிருக்கும். "நான்தான் புடுங்குனேன்! அக்கா பாடம் எடுக்குறாங்க. என் லைவே இனிமே ஆறரைக்குத்தான். அஞ்சு மணி வரைக்கும் பேசாம உக்காருங்க!"

திரையில் ஏழு பிள்ளைகளும் விழித்துப் பார்த்தார்கள். ஒரு வாண்டு, "டீச்சர், யாரு அது சத்தம் போடுறது?" என்றான்.

"எங்க வீட்டு ஆளு" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்து, அடுத்த வரியைப் பலகையில் கோணலாக எழுதினேன்.

சேனல் பிரித்த பிறகு அவள் எதையும் அணைக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாம் தேதி சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து அவளும்தான் பார்த்தாள். வகுப்பு முடிந்ததும் மேலே போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். போனதும் அவள் டீ கொடுத்தாள், பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.